வந்து வந்து போன சோர்வு: ஐந்து வயது நாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஐந்து வயதுப் பெண் நாய், கலப்பினம், கருத்தடை ஆனது. நல்ல உடல்நிலையில் எடை 18.5 கிலோ. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாம் நாள் தவறாமல் போட்டிருந்தார்கள். முதல்முறை எங்களிடம் வந்ததிலிருந்து நோய் இன்னதென்று பிடிபடும்வரை 79 நாள் ஆயிற்று. அதற்குள் மூன்று முறை அதைப் பார்த்தோம். முதல் இரண்டு முறையும் தேறித்தான் வீடு திரும்பியது. தாமதத்துக்கு அந்தத் தேறுதலே பெரிய காரணம் என்பதால் இதைப் பதிவு செய்கிறேன். நான் அந்த நாயைப் பார்த்த கால்நடை மருத்துவர். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளங்களை நீக்கி எழுதியிருக்கிறேன்.

வீட்டில் நான்கு பேர். நாய் எல்லோருக்கும் செல்லம்தான், ஆனால் யாருடைய நாய் என்று கேட்டால் மகளைக் கைகாட்டுவார்கள். மகளின் அறை மாடியில். இரவு அவர் படியேறத் தொடங்கினால் நாய் அவரை முந்திக்கொண்டு ஓடி, மேலே நின்று திரும்பிப் பார்க்கும். இந்தப் படிக்கட்டு பின்னால் முக்கியமாகிறது.

முதல் வருகை

"ரெண்டு நாளா டல்லா இருக்கு டாக்டர், சாப்பாட்டை மோந்து பார்த்துட்டுப் போயிடுது" என்றார் அம்மா. ஒரு முறை வாந்தி, இரண்டு முறை இளகிய மலம். அதற்குச் சில நாள் முன்பு நாயை விடுதியில் விட்டுவிட்டுக் குடும்பம் வெளியூர் போய்வந்திருந்தது. புது இடம், புது ஆட்கள், வயிறு கெட்டுவிட்டது. அவர்களுக்கும் பொருத்தமாகப் பட்டது, எனக்கும் பட்டது.

உடல் வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ், சரியான அளவு. ஈறு இளஞ்சிவப்பு, விரலில் சற்றே பிசுபிசுத்தது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 84. உண்ணிக் காய்ச்சலோ என்று இரத்தத் தடவலைப் பார்த்தோம். ஒட்டுண்ணி எதுவும் தெரியவில்லை, இரத்தத் தட்டணுக்களும் குறையவில்லை. கல்லீரல் சோதனை சரியாக இருந்தது. யூரியா மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. நீர் வற்றியதால் இருக்கும் என்று ஓரமாகக் குறித்துக்கொண்டேன். சோடியமும் பொட்டாசியமும் பார்க்கவில்லை. எங்கள் அன்றைய வழக்கமான இரத்தப் பட்டியலில் அவை இல்லை, தனியாகக் கேட்டால்தான் சோதிப்பார்கள். நான் கேட்கவில்லை.

டிரிப்ஸ் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டோம். மாலைக்குள் எழுந்து நின்று வாலாட்டியது. மறுநாள் தட்டைக் காலி செய்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அந்த அறிக்கையைப் பின்னால் மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஓர் எண் கண்ணில் குத்தியது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நிணவணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 3,600. பக்கத்திலேயே 'இயல்பு' என்று அச்சிட்டிருந்தது. ஆனால் உடம்பு முடியாமல் கிடக்கும் நாயின் உடலில் நெருக்கடியைச் சமாளிக்கும் ஹார்மோனான கார்டிசால் ஏறும், அது ஏறினால் நிணவணுக்கள் குறையும். வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கும் நாயிடம், நலமாக ஓடியாடும் நாய்க்குரிய எண்ணிக்கை இருந்தது. ஆய்வகம் அதற்குச் சிவப்பு அடையாளம் போடாது. அதைக் கவனிப்பது பார்க்கும் மருத்துவரின் வேலை.

இரண்டாவது வருகை

38-ஆம் நாள் காது பிரச்சினையோடு வந்தார்கள். வலது காது சிவந்து வீங்கி, தொட்டாலே தலையை இழுத்துக்கொண்டது. "ஒரு வாரமா மறுபடியும் சுருண்டு சுருண்டு படுத்துக்குது" என்று அம்மா சொன்னதைக் காதுவலியோடு சேர்த்துவிட்டோம். எடை 17.6 கிலோ. கிட்டத்தட்ட ஒரு கிலோ இறங்கியிருந்தது. துடிப்பு 76. வலியில் இருக்கும், மருத்துவமனை மேசையில் நிற்கும் நாய்க்கு இது குறைவு. அட்டையில் எழுதினோம், யோசிக்கவில்லை.

என் சக மருத்துவர் காதைச் சுத்தம் செய்து, வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டு, சொட்டு மருந்தும் கொடுத்தார். காதுக்கு அது சரியான சிகிச்சைதான். மறுநாள் காலை அப்பாவிடமிருந்து செய்தி: "என்ன ஊசி டாக்டர் போட்டீங்க? குட்டி மாதிரி ஆயிடுச்சு." ஒரு ஸ்டீராய்டு ஊசி காதுவலியைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் பல வாரச் சோர்வு ஓர் இரவில் கழன்று விழுந்தால், அந்த நாய்க்குள் இல்லாத ஏதோ ஒன்றை ஊசி கொடுத்திருக்கிறது என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அப்போது அது தோன்றவில்லை. காதுச் சொட்டிலும் ஸ்டீராய்டு இருந்தது. காதின் தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும். சொட்டு முடியும்வரை நாய் நன்றாகவே இருந்தது.

வீட்டில் கவனித்தவை

அடுத்த சில வாரங்களில் வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. வயசாகுது என்றார் அப்பா. பெண்ணுக்குத் தேர்வு, யாரும் அதோடு விளையாடுவதில்லை, கோபித்துக்கொண்டிருக்கிறது என்றார் அம்மா. தம்பிக்கு அது வெறும் சோம்பேறித்தனம். ஐந்து வயது நாய்க்கு வயதாகவில்லை. வயதே ஆனாலும் முதுமை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். செவ்வாய்க்கிழமை வந்துவிட்டு வெள்ளிக்கிழமை திரும்பிப் போகாது.

மகள் மட்டும், அதுவரை நடந்ததையும் சேர்த்து, எழுதிவைக்க ஆரம்பித்தார். அவருடைய நோட்டில் நோயின் பெயரோ சந்தேகமோ எதுவும் கிடையாது, பார்த்தது மட்டும் இருக்கும். 'சங்கிலியை எடுத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்திருக்க நேரமாயிற்று.' 'இன்று நன்றாக ஓடியது.' 'பந்தை ஒரு தடவை எடுத்து வந்தது. இரண்டாம் தடவை பந்து விழுந்த இடத்திலேயே படுத்துவிட்டது.' ஓர் இரவு எடுத்த பதினொரு விநாடிக் காணொளியும் உண்டு. நாய் படிக்கட்டின் அடியில் நிற்கிறது. முன்னங்கால் ஒன்றை முதல் படியில் வைக்கிறது, மேலே பார்க்கிறது, காலை எடுத்துக் கீழே வைக்கிறது. பிறகு அங்கேயே, படியை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. நொண்டவில்லை, முனகவில்லை. ஏற மனமிருந்தது, உடம்பு வரவில்லை. அது காணொளியில் தெளிவாகத் தெரிந்தது.

59-ஆம் நாளையொட்டி எங்களிடம் நேரம் வாங்கியிருந்தார்கள். அதற்குள் நாய் தேறிவிட்டதால் ரத்து செய்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே அந்த வீட்டில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நோட்டில் நல்ல நாட்களே அதிகம்.

ஒரு விஷயம் நோட்டை மொத்தமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சரிவுக்கும் சற்று முன்பு வீட்டில் ஏதோ ஒரு கலக்கம் இருந்திருக்கிறது. விடுதியில் தங்கியது ஒரு முறை. நீண்ட கார்ப் பயணம் ஒரு முறை. கடைசியாக, இரண்டு நாள் வீடு நிறைய விருந்தினர்.

நெருக்கடி

79-ஆம் நாள் விடியற்காலை. விருந்தினர் கிளம்பிப் போன மறுநாள். குளியலறை வாசலில் நாய் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. எழுப்பி நிறுத்தினால் மடங்கி விழுந்தது. அப்பா சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றப் போனார். இருமியதும் மகள் தடுத்துவிட்டார். விழுங்கத் திராணியில்லாத பிராணிக்கு வாயில் ஊற்றுவது நுரையீரலில் போய்ச் சேரலாம். தொலைபேசியில் நாங்களும் அதையே சொன்னோம்: எதுவும் ஊற்ற வேண்டாம், தலையைச் சாய்வாக வைத்து உடனே கொண்டுவாருங்கள்.

மேசையில் கிடத்தியபோது வெப்பம் 36.9. ஈறு வெளுத்திருந்தது. ஈற்றை விரலால் அழுத்தி விட்டால் நிறம் இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும், இதற்கு மூன்றுக்கு மேல் ஆனது. தோலைக் கிள்ளித் தூக்கினால் மடிப்பு அப்படியே நின்றது. தொடை நாடி நூல்போல இருந்தது. எடை 16.3 கிலோ. உடலில் நீர் இவ்வளவு வற்றி, இரத்த அழுத்தம் இவ்வளவு சரிந்திருந்தால் இதயம் ஈடுகட்ட ஓடும். நிமிடத்துக்கு 140, 160, அதற்கும் மேல். ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ணினேன். 52. நம்பாமல் மறுபடி எண்ணினேன். 52.

நிகழ்வின் போக்கு திரும்பியது இந்த இடத்தில்தான். அதிர்ச்சி நிலையில் கிடக்கும் நாயின் இதயம் மெதுவாகத் துடித்தால், முதலில் நினைக்க வேண்டியவற்றில் ஒன்று பொட்டாசியம் ஏறியிருப்பது. இதயத்தின் மின்னோட்டத்தை வரையும் இசிஜியில், அதற்கு ஏற்றாற்போல, பி அலையைக் காணவில்லை, டி அலை கூராக உயர்ந்து நின்றது. இரத்தச் சோதனை வந்தபோது பொட்டாசியம் ஏறி லிட்டருக்கு 7.8 மில்லிமோல், சோடியம் இறங்கி 126. சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்து வரும் விகிதம் நாய்களில் 27-க்குக் கீழே போனால் சந்தேகம் வர வேண்டும். இதற்கு 16. இரத்தச் சர்க்கரையும் குறைந்து டெசிலிட்டருக்கு 56 மில்லிகிராம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியேட்டினினும் இரண்டு மூன்று மடங்கு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பெயர் தெரியும்வரை காத்திருக்காமல் இதயத்தைக் காப்பது. நரம்பில் கேனுலா போட்டு 0.9 சதவீத உப்புத் திரவம் ஏற்றினோம். கால்சியம் குளுக்கோனேட்டை இசிஜியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் செலுத்தினோம். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, பொட்டாசியத்தின் தாக்குதலிலிருந்து இதயத் தசையைக் கொஞ்ச நேரம் காத்துத் தரும். சர்க்கரைக்கு டெக்ஸ்ட்ரோஸ். ஒரு மணி நேரத்துக்குள் பி அலை திரும்பியது, துடிப்பு 96 ஆனது. உப்புத் திரவத்தை வேகமாகக் கொட்டிச் சோடியத்தைச் சட்டென்று ஏற்றவில்லை. வாரக்கணக்கில் குறைந்திருந்த சோடியம் ஒரே நாளில் தாவினால் மூளை நரம்புகளின் உறை சிதையும் ஆபத்து உண்டு. 24 மணி நேரத்துக்கு 10 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது, சிறுநீரகச் செயலிழப்பா என்ற கேள்வி. யூரியா, கிரியேட்டினின் ஏறியதோடு சிறுநீரும் நீர்த்தே இருந்தது, ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.016. சக மருத்துவர் சிறுநீரகம் என்றே நினைத்தார். அந்த எண்களை மட்டும் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்படி முடிவு கட்டி, தேறும் வாய்ப்பில்லை என்று குடும்பத்திடம் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் உடலில் சோடியம் நீண்ட நாள் குறைந்துபோனால் நல்ல சிறுநீரகமும் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாமல் தவிக்கும். மெதுவான இதயம், குறைந்த சர்க்கரை, வந்து வந்து போன சோர்வு, ஸ்டீராய்டு ஊசிக்கு எழுந்து ஓடியது, பழைய அறிக்கையில் குறையாத நிணவணுக்கள். இவை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோக்கும் பெயர் ஒன்றுதான் இருந்தது: சிறுநீரகத்தை ஒட்டி இருந்து கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலைநிறுத்தம் செய்வது. மனிதர்களில் இதை 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்ததால் அடிசன் நோய் என்று பெயர். நாய்களுக்கும், அபூர்வமாகப் பூனைகளுக்கும் வரும். நாய்களில் இளவயதிலும் நடுவயதிலும், பெண் நாய்களில் கூடுதலாகப் பார்க்கிறோம்.

மூன்றாவது, எந்த ஸ்டீராய்டு என்பது. உயிருக்கு ஆபத்து, கார்டிசாலின் இடத்தை நிரப்பும் ஸ்டீராய்டு உடனே வேண்டும். பிரெட்னிசோலோனோ ஹைட்ரோகார்ட்டிசோனோ போட்டால் கார்டிசால் அளவிடும் சோதனையில் அவையும் சேர்ந்து எண்ணப்பட்டு முடிவு குழம்பும். டெக்ஸாமெத்தசோன் அந்தச் சோதனையில் கலக்காது. அதைக் கொடுத்துவிட்டு, அன்றே ஏசிடிஎச் தூண்டல் சோதனை செய்தோம். ஏசிடிஎச் என்பது அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன். அந்த ஊசிக்கு முன்பு ஒரு இரத்தம், ஒரு மணி நேரம் கழித்து ஒரு இரத்தம். நல்ல அட்ரினல் இந்தத் தூண்டலுக்குக் கார்டிசாலைப் பல மடங்கு கொட்டும். இதற்கு டெசிலிட்டருக்கு முன்பு 0.5 மைக்ரோகிராம், பின்பு 0.6. இரண்டும் 2-க்குக் கீழே இருந்தால் நோய் உறுதி.

சக மருத்துவர் ஒரு நியாயமான கேள்வி எழுப்பினார். வாரக்கணக்கில் காதுச் சொட்டில் ஸ்டீராய்டு போயிருக்கிறது. அதனால் அட்ரினல் தற்காலிகமாகத் தூங்கிப்போய், சொட்டை நிறுத்திய பிறகும் எழாமல் இருந்திருக்கலாமே? இருக்கலாம், ஆனால் அப்போது கார்டிசால் மட்டும்தான் குறையும். உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டீரோன், அட்ரினலின் இன்னொரு ஹார்மோன், வேறு கட்டுப்பாட்டில் இயங்குவது, அது குறையாது. பொட்டாசியம் 7.8-க்கு ஏறியிருக்க வழியில்லை. சாட்டைப்புழுத் தொற்றும் சில சமயம் இதே விகிதத்தைக் காட்டும் என்பதால் மலத்தையும் பார்த்தோம், புழு முட்டை இல்லை. ஸ்கேனில் இரண்டு அட்ரினலும் மெலிந்திருந்தன.

மகளுக்கு விளக்கும்போது இப்படிச் சொன்னேன். பயமோ பயணமோ வந்தால் உங்கள் உடம்பு கார்டிசாலை எடுத்துச் செலவு செய்யும். இதனிடம் செலவு செய்யக் கையிருப்பே இல்லை. சாதாரண நாளில் எப்படியோ ஓட்டிக்கொள்ளும், கூட்டம் வந்தால் விழுந்துவிடும். அவர் ஒன்றும் பேசாமல் நோட்டைத் திறந்து அந்த மூன்று தேதிகளைக் காட்டினார். நான் பார்த்திராத கலக்கங்களை அவர் முன்பே எழுதிவைத்திருந்தார், ஆனால் அவை எதற்கு என்று அவருக்கும் அதுவரை தெரியாது.

பிறகு நடந்தது

சேர்த்த மூன்றாம் நாள் தானாக நடந்து தண்ணீர் குடித்தது. யூரியாவும் கிரியேட்டினினும் நான்காம் நாளுக்குள் இறங்கிவிட்டன. நீர் சேர்ந்த பிறகுதான் மறைந்திருந்த இரத்தசோகை தெரிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். ஆல்டோஸ்டீரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரை, கார்டிசாலுக்குப் பதிலாகச் சிறிய அளவு பிரெட்னிசோலோன். இரண்டும் ஆயுளுக்கும். முதல் மாதம் வாராவாரம் சோடியம், பொட்டாசியம் பார்த்தோம், பிறகு இடைவெளியைக் கூட்டினோம். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தேவை முதல் ஆண்டில் ஏறிக்கொண்டே போவது வழக்கம். இதற்கும் நாளுக்கு 0.35 மில்லிகிராமில் தொடங்கி 0.5-இல் நின்றது.

நடுவில் ஒரு சறுக்கல். இரண்டாம் மாதம் நாய் நிறையத் தண்ணீர் குடித்து வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தது. பிரெட்னிசோலோன்தான் காரணம் என்று சரியாகவே கண்டுபிடித்த அப்பா, அதை நிறுத்திவிட்டார். மூன்று வாரத்தில் மறுபடி சாப்பாட்டின் முன் நின்று முகத்தைத் திருப்பியது. சோடியம், பொட்டாசியம் இரண்டும் அப்போது கச்சிதமாக இருந்தன, ஆனால் நாய் சோர்ந்திருந்தது. உப்பு சரியாக இருந்தால் போதும் என்று நாங்களும் அழுத்திச் சொல்லியிருந்ததில் எங்கள் பங்கும் உண்டு. மாத்திரையை நிறுத்தாமல் அளவைப் பாதியைவிடக் குறைத்ததும் தாகமும் போயிற்று, சோர்வும் போயிற்று. விருந்தினர், பயணம், பட்டாசு போன்ற நாட்களில் அன்றைக்கு மட்டும் இரட்டிப்பாகக் கொடுக்கச் சொன்னோம். இதை எழுதும்போது 14 மாதம் ஆகிறது, நெருக்கடி திரும்பவில்லை. எடை 18.7 கிலோ.

இன்று மாற்றிச் செய்வது

சோர்வு என்று இரண்டாம் முறை வரும் எந்த நாய்க்கும் இப்போது சோடியம், பொட்டாசியம் பார்க்காமல் அனுப்புவதில்லை. முதல் முறையே பார்த்திருந்தால் பிடிபட்டிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தொடக்கத்தில் உப்புகள் சரியாகவே இருந்து, கார்டிசால் மட்டும் குறைந்திருக்கும் நாய்களும் உண்டு. அதனால் பழைய எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதையும் சேர்த்துக்கொண்டோம். 84, 76, 52. தனித்தனியே பார்த்தால் முதல் இரண்டும் யாரையும் உறுத்தாது.

கேட்கும் கேள்வியையும் மாற்றினோம். "சுறுசுறுப்பா இருக்கா?" என்று கேட்டால் "கொஞ்சம் டல்" என்றுதான் பதில் வரும். இப்போது, தினமும் தவறாமல் செய்வது எது, அதில் எதை விட்டுவிட்டது, எப்போதிலிருந்து என்று கேட்கிறோம். படி, சோபா, வாசல் மணிக்கு ஓடுவது, சங்கிலிச் சத்தம். பூனை என்றால் குதித்து ஏறும் உயரம், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது. பூனைகள் உடம்பு முடியாததை நாயைவிட நன்றாக மறைக்கும். ஒளிந்துகொள்வதைத் தூக்கம் என்று நினைத்துவிடுவார்கள்.

எல்லாச் சோர்வும் அடிசன் அல்ல. பெரும்பாலானவை அல்ல. கருத்தடை ஆகாத பெண் நாயில் கருப்பைச் சீழ், வயதான நாயில் மண்ணீரல் கட்டி உடைந்து உள்ளே கசியும் இரத்தம், இதய நோய், தைராய்டு குறைவு, உண்ணி வழியாக வரும் ஒட்டுண்ணிகள் என்று எத்தனையோ உண்டு. வீட்டிலிருந்து நாங்கள் எதிர்பார்ப்பது நோயின் பெயரை அல்ல. ஒரு நாளைக்கு மேல் நீடிக்கும் சோர்வை, அல்லது போய்விட்டுத் திரும்பி வரும் சோர்வைக் காட்டிவிடுங்கள், தேறியிருந்தாலும் நேரத்தை ரத்து செய்யாதீர்கள் என்கிறோம். ஈறு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, எழ முடியாமல் விழுந்தாலோ, தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டினாலோ, வயிறு திடீரென்று உப்பினாலோ, ஆண் பூனை சிறுநீர் வராமல் முக்கினாலோ, காலைவரை காத்திருக்க வேண்டாம். மனிதர்களின் வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்.

இந்த நாயின் அட்டையின் மேல்வரியில் இப்போது சிவப்பு மையில் எழுதியிருக்கிறது: அட்ரினல் குறைவு, மாத்திரையை நிறுத்தாதே, வாந்தியானால் ஊசியாகக் கொடு. அதன் நகல் ஒன்று மகளின் நோட்டில் ஒட்டியிருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. எழுத ஒன்றும் இல்லாததால் எழுதுவதை விட்டுவிட்டேன் என்றார். மாதம் ஒரு முறை எடையையாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.